நிலாப்பூக்கொடியும் துள்ளும் பந்தும்

நெய்தல் நிலத்து அடும்பினைச் சங்கப் பாடல்கள் வழியாகவும் சர்க்கரைவள்ளியை அடுப்படி வழியாகவும் நாம் அறிவோம். இவ்விரண்டும் இபோமியா என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. அப்பேரினத்தில், பொழுது சாய்ந்தபின் மலர்ந்து விடிந்ததும் வாடிவிடும் கொடி ஒன்றுண்டு. உள்ளங்கையளவு வெண்ணிறப் பூவும், இரவில் பறக்கும் பெரிய அந்துப்பூச்சிகளை ஈர்க்கும் நறுமணமும் கொண்டது. தாவரவியலார் இதனை இபோமியா ஆல்பா என்பர், பொதுவழக்கில் நிலாப்பூ. இதன் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. அழகுக்காக வளர்க்கப்படும் இக்கொடிக்கு ரப்பரின் வரலாற்றில் தனியிடம் உண்டு என்பதைப் பலர் அறியார்.

மெக்சிகோவின் வெராக்ரூஸ் மாநிலத்தில் எல் மனாத்தி என்றொரு சதுப்பு நிலம் இருக்கிறது. பழங்காலத்தில் அங்கிருந்த ஊற்றைத் தெய்வத்தன்மை உடையதாகக் கருதிய மக்கள், பச்சைக்கல் கோடரிகளையும் மரச் சிற்பங்களையும் அதில் காணிக்கையாக இட்டனர். 1980களின் இறுதியில் தொடங்கிய அகழாய்வில் அவற்றோடு ரப்பர் பந்துகளும் கிடைத்தன. அவற்றுள் பழமையானவை ஏறத்தாழ கி.மு. 1600ஐச் சேர்ந்தவை. காற்றுப் புகாத சேறு அவற்றை மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்து வைத்திருந்தது.

அந்நிலத்தில் ரப்பர் எத்தனை இன்றியமையாததாக இருந்தது என்பதற்குச் சொற்களே சான்று. நஹுவா மொழியில் ரப்பருக்கு 'ஒல்லி' என்று பெயர். வளைகுடாக் கரையில் வாழ்ந்தோரை அஸ்டெக்குகள் 'ஓல்மெக்' என்றனர். ரப்பர் நாட்டார் என்பது பொருள். ஸ்பானிய மொழி பேசும் மெக்சிகோவில் இன்றும் ரப்பர் 'ஊலே' தான். இடுப்பால் பந்தை அடித்து ஆடும் பழைய ஆட்டம் சினலோவா பகுதியில் 'உலமா' என்ற பெயரில் தொடர்கிறது. அஸ்டெக் பேரரசின் திறைக் கணக்கைக் காட்டும் மெண்டோசா ஏட்டில், ஒரு மாநிலம் மட்டும் செலுத்தவேண்டிய பந்துகள் 16,000 என்று குறிக்கப்பட்டுள்ளது. 1528இல் கோர்த்தேஸ் சில ஆட்டக்காரர்களை ஸ்பெயின் அரசவைக்கே அழைத்துச் சென்றான்.

இங்கே ஒரு வினா எழுகிறது. அம்மக்கள் பயன்படுத்தியது காஸ்தில்லா எலாஸ்டிகா என்னும் மரத்தின் பால். அப்பால் தானே உலர்ந்தால் எளிதில் நொறுங்கும். தன் வடிவத்தையும் காக்காது. அதிலிருந்து துள்ளும் பந்து எவ்வாறு பிறந்தது?

விடை நிலாப்பூக்கொடியில் இருந்தது. மரப்பாலோடு ஒரு கொடியின் சாற்றைக் கலக்கும் வழக்கத்தைப் பதினாறாம் நூற்றாண்டு ஸ்பானியக் குறிப்புகள் சுட்டியிருந்தன. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த டோரத்தி ஹோஸ்லர், சாண்ட்ரா பர்க்கெட், மைக்கேல் டர்கேனியன் ஆகியோர் மெக்சிகோ சென்று, கொடியை நசுக்கிப் பிழிந்த சாற்றை மரப்பாலில் கலந்து கிளறிப் பார்த்தனர். சில நிமிடங்களில் பால் திரண்டு, கையால் உருட்டத்தக்க நெகிழ்வான கட்டியாயிற்று. 1999இல் 'சயின்ஸ்' இதழில் இம்முடிவு வெளியானது. சாற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள், ரப்பரின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைக்க உதவுகின்றன என்பது அவர்கள் தந்த விளக்கம். 2010இல் அறிவித்த மற்றோர் ஆய்வில், கலவையின் விகிதத்திற்கேற்பப் பண்பு மாறுவதையும் காட்டினர். பாலும் சாறும் சம அளவாயின் துள்ளல் மிகுதி; முக்கால் பங்கு பாலாயின் தேய்மானம் குறைவு. முன்னது பந்துக்கும் பின்னது செருப்புக்கும் ஏற்றது.

பள்ளிப் பாடநூல்கள் ரப்பரைப் பதப்படுத்திய பெருமையைச் சார்லஸ் குட்இயருக்குத் தருகின்றன. 1839இல் கந்தகத்தையும் வெப்பத்தையும் கொண்டு அவர் கண்ட முறைக்கு 1844இல் காப்புரிமை கிடைத்தது. அப்பெருமையைக் குறைக்க வேண்டியதில்லை. கொடிச்சாற்று முறையும் அவர் முறையும் ஒன்றல்ல. 'எல்லாம் முன்னோர்க்கே தெரியும்' என்று முழங்குவது எளிது. அம்முழக்கத்தின் ஆபத்தைத் தமிழ் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை. ஆயினும் காப்புரிமை பெற்றதை மட்டுமே அறிவு என்றும், பெயரற்றோர் கையால் செய்ததை வெறும் வழக்கம் என்றும் பிரிப்பது நேர்மையாகாது. ஆயிரம் கொடிகள் படர்ந்த காட்டில் ஒன்றைத் தேர்ந்து, எதற்கு எவ்வளவு என்று அளந்து, தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றியதும் ஆராய்ச்சியே. வேறுபாடு, அவர்கள் பெயர் எங்கும் எழுதப்படவில்லை என்பதுதான்.

1876இல் பிரேசிலின் ஹீவியா விதைகள் லண்டனின் கியூ தோட்டத்திற்குக் கொண்டுவரப்பட்டன. அங்கு முளைத்த கன்றுகள் இலங்கைக்கும், பின்னர் மலாயாவுக்கும் வந்தன. அம்மரங்களில் விடியற்காலையில் பால்வெட்டியோர் பலர் தமிழர். பாலைத் திரட்ட அவர்களிடம் தரப்பட்டது அமிலம். கொடியின் கதை அத்தோட்டங்களுக்கு வந்து சேரவில்லை. அவர்களும் தம் கைத்திறனுக்குப் பெயர் பெறாமலே மறைந்தனர். மெக்சிகோவின் பந்துருட்டியவர்களுக்கோ சேற்றில் புதைந்த சில பந்துகளேனும் சாட்சியாக எஞ்சின.