தொப்பூர் இறக்கம் முதல் காஷ்மீர் பனி வரை... ஒரே ரோடு, உங்க வண்டியை எப்படி இறக்கணும்?

தருமபுரிக்காரங்க பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். நம்ம ஊர் வழியா போற என்.ஹெச் 44-ல வடக்கே பார்த்து வண்டியைத் திருப்பி, திரும்பாமல் ஓட்டிக்கிட்டே இருந்தால் போய்ச் சேரும் இடம் ஸ்ரீநகர். கன்னியாகுமரியில் தொடங்கி, மதுரை, நாமக்கல், சேலம், தருமபுரி, ஹைதராபாத், டெல்லி, ஜம்மு என்று 3,700 கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஒரே நெடுஞ்சாலை அது. தொப்பூர் கணவாயும் இதில்தான் இருக்கிறது, குளிர்காலத்தில் பனி மூடும் பனிஹால் பக்கமும் இதில்தான் இருக்கிறது. ஆப்பிள் ஏற்றப் போகும் நம்ம பக்கத்து லாரி டிரைவர்களுக்கு இரண்டுமே பழகின இடம். லீவு கிடைச்சா மணாலி, லடாக்னு கிளம்புற இளைஞர்களுக்குத்தான் இரண்டாவது புதுசு.

முதலில் தொப்பூர். தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் போகும்போது இது இறக்கம். ரோடு அகலமா, வழவழன்னு இருக்கும். ஆபத்தே அதுதான். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு இருக்குன்னு தெரிஞ்சுதான் ஏறுகிறோம், உஷாரா இருப்போம். தொப்பூரில் இறங்கிக்கிட்டிருக்கோம் என்பதே பலருக்கு உறைப்பதில்லை. 2020 டிசம்பரில், முன்னால் நடந்த ஒரு விபத்தால் நின்றுபோயிருந்த வண்டிகளின் வரிசை மீது ஒரு லாரி மோதியதில் 4 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 24 அன்று கட்டுப்பாட்டை இழந்த லாரி முன்னால் போன வண்டிகளை இடித்து, ஒரு லாரி பாலத்திலிருந்து கீழே விழுந்து, வண்டிகள் தீப்பிடித்து எரிந்தன. அதிலும் 4 பேர் இறந்தார்கள்.

‘பிரேக் பிடிக்கல’ என்று சொல்வதன் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. 30 டன் லாரி ஒன்று 100 மீட்டர் உயரம் கீழே இறங்கினால் வெளிப்படும் ஆற்றலை முழுக்க வெப்பமாக மாற்றினால், சுமார் 100 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். இன்ஜின் தாங்க வேண்டிய சுமையில் பெரும்பகுதியையும் பிரேக் தலையில் கட்டினால், டிரம் சூடேறி, லைனிங் பிடிப்பை இழந்துவிடும். பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி கேட்காது. ஏர் பிரேக் வண்டியில் அடிக்கடி விட்டு விட்டு மிதித்தால் டேங்க்கில் காற்றழுத்தமும் இறங்கும்.

டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டி விடுவது இன்னும் நடக்கிறது. எனக்குத் தெரிந்து இறக்கத்தில் இதைவிட மோசமான பழக்கம் இல்லை. சில பேர் ஒருபடி மேலே போய் இன்ஜினையே ஆஃப் பண்ணிடுவாங்க. பவர் ஸ்டீரிங் போச்சு, காற்று நிரப்பும் கம்ப்ரஸரும் நின்னு போச்சு. மிச்சமாவது சில நூறு மில்லி டீசல்! வேடிக்கை என்னன்னா, இப்போதைய இன்ஜின்களில் கியரில் இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டால் டீசல் சப்ளை தானாகவே நின்றுவிடும். அந்த மிச்சமும் கிடையாது.

லாரிக்கான விதி பழசுதான். எந்த கியரில் ஏறுவீங்களோ, அந்த கியரில் இறங்கணும். அதை இறக்கம் தொடங்கும் முன்பே போடணும். பாதியில் கியரைக் குறைக்கலாம்னு நினைத்து நியூட்ரலுக்குக் கொண்டு வந்தால், வேகம் கூடியபின் கீழ் கியர் விழாமலே போகலாம். எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தால் போட்டுவிடுங்கள். பிரேக்கைத் தொடர்ந்து லேசாகப் பிடித்தபடியே இறங்காமல், ஒருமுறை நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டு, ஆற விட்டு மறுபடி அழுத்துங்கள். பஸ்ஸுக்கும் இதேதான்.

கார் ஓட்டுபவர்கள் இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் இறங்கினால் போதும். ஆட்டோமேட்டிக் என்றால் ‘டி’யிலேயே விடாமல் ‘எல்’ அல்லது மேனுவல் மோடுக்கு மாற்றுங்கள். கருகல் வாடை வந்தாலோ, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனாலோ பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி அரை மணி நேரம் நில்லுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். காரில் இருப்பவர்கள் தொப்பூரில் கவனிக்க வேண்டியது தங்கள் பிரேக்கை மட்டுமல்ல, கண்ணாடியில் தெரியும் லாரியையும்தான். செல்ஃபிக்காகவோ போன் பேசவோ இறக்கத்தில் ஓரம்கட்டாதீர்கள்.

வத்தல்மலைக்கு விடிகாலையில் மேகம் பார்க்கப் போகும் பைக் கோஷ்டிக்கு: இறங்கும்போது கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டே வராதீர்கள். அதுவும் நியூட்ரல் மாதிரிதான். பிரேக்கை வளைவுக்கு முன்பே பிடித்து முடித்துவிடுங்கள். ஸ்கூட்டரில் இன்னொரு சிக்கல், கியர் கிடையாது. வேகம் ரொம்பக் குறைந்தால் உள்ளே இருக்கும் கிளட்ச் தானாக விட்டுவிடும், இன்ஜின் பிடிப்பு காணாமல் போகும். முழுச் சுமையும் பிரேக்குக்கு. அதனால் நடுநடுவே நிறுத்தி ஆறவிடுவது ஸ்கூட்டருக்குத்தான் ரொம்ப அவசியம். எலெக்ட்ரிக் வண்டிக்காரங்களுக்கு ஒரு டிப்ஸ்: மலை மேலேயே 100 சதவிகிதம் சார்ஜ் போட்டுவிட்டு இறங்காதீர்கள். பேட்டரியில் இடமில்லாவிட்டால், இறக்கத்தில் சார்ஜ் ஏற்றியபடி வேகத்தைக் குறைக்கும் வசதி சரியாக வேலை செய்யாது.

குறுகலான மலைப்பாதையில் எதிரெதிரே வந்தால் ஏறும் வண்டிக்குத்தான் வழி. இது மரியாதைக்காக மட்டுமல்ல, சாலை விதியிலேயே இருக்கிறது.

இனி பனி. தமிழில் எல்லாத்துக்கும் ‘பனி’ன்னு சொல்லிடுறோம், ரோட்டில் அவை வேற வேற. மார்கழி, தை மாசத்தில் தருமபுரியில் வருவது மூடுபனி. அதில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் திரும்பி உங்க கண்ணிலேயே அடிக்கும், லோ பீம்தான் சரி. ஓடும்போது நாலு இண்டிகேட்டரையும் எரிய விடாதீர்கள். பின்னால் வருபவருக்கு நீங்க நிக்கிறீங்களா, திரும்புறீங்களா என்று தெரியாது.

ஊட்டியில், குறிப்பாக தலைகுந்தா பக்கம், டிசம்பர், ஜனவரியில் புல்வெளியை வெள்ளையாக்குவது உறைபனி. அங்கே கல்லட்டி பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். இறக்கத்தில் நடந்த விபத்துகளால்தான் வெளியூர் வண்டிகள் அந்த வழியாக இறங்க கட்டுப்பாடு போட்டார்கள்.

இமயமலையில் இருப்பது அடுத்த லெவல். விழுந்து கிடக்கும் புதுப் பனியைக்கூட சமாளிக்கலாம். உருகி, இரவில் மறுபடி கண்ணாடி மாதிரி உறைந்த பனிக்கட்டிதான் ஆளைக் கவிழ்ப்பது. பார்த்தால் ஈரமான தார் மாதிரியே இருக்கும். வெயில் படாத வளைவுகள், பாலங்கள், சுரங்கப்பாதை வாசல்கள் இதன் இருப்பிடம். 40 கி.மீ வேகத்தில் பிரேக் பிடித்தால் காய்ந்த ரோட்டில் கார் சுமார் 9 மீட்டரில் நிற்கும், ஈர ரோட்டில் 15 மீட்டர். பனிக்கட்டியில் 60 மீட்டரைத் தாண்டும். அதுவும் சமதளத்தில்!

‘நம்மகிட்ட ஃபோர் வீல் டிரைவ் இருக்குல்ல’ என்பார்கள். அது வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது. நாலு சக்கரத்திலும் பிரேக் எல்லா காரிலும்தான் இருக்கிறது. டயர் செயின்தான் கை கொடுக்கும். இன்ஜின் சுழற்றும் சக்கரங்களில் மாட்ட வேண்டும். நம்ம ஊர் சாதாரண கார்கள் பலவற்றில் அது முன்சக்கரம், லாரியில் பின்சக்கரம். செயினோடு 30, 40-ஐத் தாண்டக் கூடாது, பனி முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். கிளப்பும்போது இரண்டாவது கியர், மெதுவாக கிளட்ச். சறுக்கினால் ஆக்ஸிலரேட்டரை விட்டு, போக வேண்டிய திசையைப் பார்த்து ஸ்டீரிங்கை மெதுவாகத் திருப்புங்கள். ஏ.பி.எஸ் இருந்தால் பெடலை அழுத்திப் பிடியுங்கள், கால் அதிர்ந்தால் பயந்து விட்டுடாதீங்க.

பைக்? பனிக்கட்டியில் ஓட்ட வேண்டாம். இதில் டெக்னிக் எதுவும் சொல்லித் தரப் போவதில்லை. காலை வெயில் ஏறி ரோடு காயும்வரை டீக்கடையில் உட்காருங்கள். மணாலியில் பனி விழும் நாளில் ஃபோர் வீல் டிரைவோ செயினோ இல்லாத வண்டிகளை போலீஸே திருப்பி அனுப்பும்.

இரவில் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்தால் உறைந்து பிடித்துக்கொள்ளும். சமதளமாகப் பார்த்து, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். நம்ம ஊரில் ஃபுல் டேங்க் அடித்த டீசல் கடும் குளிரில் கெட்டியாகும். லடாக்குக்காக மைனஸ் 33 டிகிரி வரை தாங்கும் குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019-ல் கொண்டு வந்தது. டேங்க்கைக் காலியாக்கிக்கொண்டே போய் அங்கே நிரப்புவது நல்லது.

பனியில் மாட்டிக்கொண்டால் கண்ணாடியை ஏற்றி ஹீட்டர் போட்டுத் தூங்கிவிடாதீர்கள். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரீயில் பனியில் சிக்கிய வண்டிகளில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சைலன்ஸரைப் பனி மூடிவிட்டால் புகை உள்ளே திரும்பும். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை இல்லை, தூங்குபவருக்குத் தெரியாது. மணிக்குப் பத்து நிமிஷம் மட்டும் இன்ஜினை ஓட விடுங்கள், அதற்கு முன் இறங்கிப் போய் சைலன்ஸர் வாயைச் சுரண்டிவிட்டு, ஒரு பக்கக் கண்ணாடியை விரல் அளவு திறந்து வையுங்கள்.