மிக்தஹ்: கண்புரை ஊசியின் கதை

சுர்மாவைக் குறிக்கும் ‘குஹ்ல்’ என்ற அரபுச் சொல்லின் அடியாகவே கண் மருத்துவருக்குக் ‘கஹ்ஹால்’ என்னும் பெயர் அமைந்தது. எனினும் அப்பெயர் தாங்கியோர் மை தீட்டுவதோடு நின்றவர் அல்லர். கண்ணில் வளரும் சதையைத் தூக்கிப் பிடிக்கச் சிறு கொக்கிகள், அதனை அரிந்தெடுக்க மெல்லிய கத்திகள், கத்தரிகள் எனப் பல கருவிகள் அவர்களிடம் இருந்தன. 13ஆம் நூற்றாண்டில் ஹலப் நகரத்துக் கலீஃபா இப்னு அபில் மஹாஸின், தமது ‘அல்காஃபீ ஃபில் குஹ்ல்’ நூலில் 36 கருவிகளைப் படத்துடன் விளக்கினார். அவற்றுள் தலையாயது, கண்புரைக்குரிய ‘மிக்தஹ்’ என்னும் ஊசி.

கண்ணினுள் இருக்கும் வில்லை வெளுத்து ஒளியை மறைப்பதே கண்புரை. முற்காலத்தாரோ, தலையிலிருந்து நீர் இறங்கிக் கண்மணியின் பின்னே உறைந்துவிடுகிறது என்று கருதினர். மிக்தஹை வெண்விழியின் ஓரத்தில் செலுத்தி, அவ்வுறைவைக் கீழே தள்ளுவர். சுஸ்ருத சம்ஹிதையும் இதையொத்த ஊசி மருத்துவத்தைக் கூறுகிறது. தள்ளிய உடனே பார்வை கிட்டும். ஆனால் தள்ளப்பட்டது மீண்டும் மேலே வரலாம். அதனால் நோயாளி பல நாள் அசையாமல் மல்லாந்து கிடக்க வேண்டும்.

இங்கேதான் அம்மார் இப்னு அலீ அல்மவ்ஸிலீ நம் கவனத்தை ஈர்க்கிறார். இராக்கின் மவ்ஸிலில் பிறந்து, பல நாடுகளில் மருத்துவம் செய்து, எகிப்தில் தங்கிய இவர், ஃபாத்திமிய கலீஃபா அல்ஹாகிமின் ஆட்சிக்காலத்தில் (996–1021) ‘அல்முன்தகப்’ என்னும் கண் மருத்துவ நூலை இயற்றினார். உறைவைத் தள்ளுவதற்குப் பதிலாக உறிஞ்சி வெளியேற்றும் உள்துளை ஊசி ஒன்றைத் தாம் செய்துவைத்திருந்ததாக அதில் எழுதுகிறார். ஆயினும் அதை எவர்மீதும் அவர் பயன்படுத்தவில்லை. பாலஸ்தீனத்தின் தபரிய்யாவில் ஒருவர் வந்து, தம்மால் மல்லாந்து படுக்க இயலாது என்று சொன்ன பிறகே அந்த ஊசியை எடுத்தார். புரை வெளியேறிவிட்டதால் அந்நோயாளி விருப்பம்போல் படுத்துறங்க முடிந்தது. நோயாளியின் இயலாமையே புதிய கருவி வெளிவரக் காரணமாயிற்று.

அதே காலத்தில் ஸ்பெயினில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ, இராக்கில் இத்தகைய ஊசி செய்யப்படுவதாகக் கேள்வியுற்றதைக் குறிக்கிறார். தம் நாட்டில் அதைக் கண்டதில்லை என்பதையும் மறைக்காமல் சேர்த்துரைக்கிறார். கண்டதையும் கேட்டதையும் பிரித்து எழுதும் அந்த நேர்மை, கருவியைப் போலவே போற்றத்தக்கது.

உள்துளை ஊசி ஏன் பரவலாக நிலைபெறவில்லை? மென்மையான புரையை மட்டுமே அதனால் உறிஞ்ச இயலும். துளை வேண்டும் என்பதால் ஊசி பருமனாகும், காயமும் பெரிதாகும். ஆகவே தள்ளும் முறையே நெடுங்காலம் நீடித்தது. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரெஞ்சு மருத்துவர் டாவியேல், கண்ணைத் திறந்து புரையை வெளியே எடுக்கும் முறையை நிலைநாட்டினார்.

தமிழகத்தில் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி (1798–1832) காலத்துக் கண் நோயாளர் குறிப்புகள், கண்ணின் வண்ண ஓவியங்களுடன் சரசுவதி மகாலில் காக்கப்பட்டுள்ளன. சென்னையில் 1819இல் தொடங்கிய கண் மருத்துவமனை 1884இல் எழும்பூருக்கு இடம் மாறியது. ராயபுரத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள இம்மருத்துவமனை, வடசென்னைத் துறைமுகத் தொழிலாளருக்கும் திருவொற்றியூர், எண்ணூர் ஆலைத் தொழிலாளருக்கும் எட்டும் இடத்தில் அமைந்தது. இங்கு 1904 முதல் பணியாற்றிய ராபர்ட் ஹென்றி எலியட், கண் அழுத்த நோய்க்காக விழியோரத்தில் வட்டமான சிறு துளையிடும் கருவியை 1909இல் பயன்படுத்தத் தொடங்கினார். ‘எலியட் ட்ரெஃபைன்’ என உலகெங்கும் அது பெயர் பெற்றது.

அதே எலியட்தான், ஊர் ஊராகச் சென்று புரையை ஊசியால் தள்ளியவர்களின் கைவேலையையும் ஆராய்ந்தார். நோயாளி கண் திறந்து பார்த்ததும் கூலி பெற்று அவர்கள் அடுத்த ஊருக்குப் போய்விடுவர். பின்னர் ஏற்படும் அழற்சியையும் அழுத்தத்தையும் பார்வையிழப்பையும் அவர்கள் அறிவதில்லை. அவற்றைக் கண்டது மருத்துவமனையே. கெட்டுப்போன அக்கண்களை ஆய்ந்து பெற்ற முடிவுகளை எலியட் 1917இல் லண்டனில் சொற்பொழிவுகளாக வழங்கினார்.

1967இல் அமெரிக்கரான சார்லஸ் கெல்மன், மீயொலி அதிர்வால் புரையை உடைத்து உள்துளை ஊசியால் உறிஞ்சும் முறையை அறிமுகப்படுத்தினார். அம்மாரின் ஊசியே வளர்ந்து இக்கருவியாயிற்று என்று கூறுவதற்குச் சான்றில்லை; அவ்வாறு கூறி நாம் பெருமை தேட வேண்டியதும் இல்லை. ஊர் ஊராகத் திரிந்தவர் கையிலும் ஊசி இருந்தது; அம்மாரின் கையிலும் ஊசி இருந்தது. அம்மாரோ நோயாளியின் சொல்லைக் கேட்டார், விளைவு தெரியும்வரை உடனிருந்தார், பின்வருவோர் சோதித்தறிய எழுதியும் வைத்தார். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அவர் பெயர் வாழ்வது இதனால்தான்.