பாடமும் பயனும்: பல்கலைக்கழக ஆங்கிலம் கடந்துவந்த வழி

கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள நம் திருமழபாடியிலிருந்து கல்லூரி செல்லும் முதல் தலைமுறை மாணவர், பட்டப்படிப்பின் இரண்டாம் பகுதியாக ஆங்கிலம் பயில்கின்றனர். அப்பாடம் எப்பயன் கருதி வகுக்கப்பட்டது என ஆராய்தல் நம் கடமையாகும்.

1857ஆம் ஆண்டு தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகம், தொடக்கத்தில் வகுப்பு நடத்தவில்லை. தேர்வு நடத்திப் பட்டம் வழங்கியது. ஆகவே, படிக்கவேண்டிய நூல்களின் பட்டியலே பாடத்திட்டமாயிற்று. 1982இல் பாரதிதாசன் பல்கலைக்கழகம் திருச்சிராப்பள்ளியில் நிறுவப்பெற்ற பின்னரும் அம்மரபு எளிதில் மறையவில்லை.

இதனால் இழப்புற்றோர் யாவர்? வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளர்ந்தோர் மொழியைப் பாடத்திற்கு வெளியிலேயே பெற்றனர். நம் பிள்ளைகளோ கைடு நூல்களை மனப்பாடம் செய்து தேறினர். நேர்முகத் தேர்வில் நாவெழாது நின்றனர். குறை அவர்களுடையதெனப்பட்டது, பாடத்திட்டத்தினுடையது என்றோர் சிலரே.

அமெரிக்கக் கல்வியறிஞர் ரால்ஃப் டைலர், நோக்கத்தை முதலில் வரையறுத்து, அதற்கேற்பப் பயிற்சியையும் மதிப்பீட்டையும் அமைக்கவேண்டுமென 1949இல் எழுதினார். 1956இல் பெஞ்சமின் புளூம் குழுவினர் அறிவுத்திறன்களை ஆறு படிகளாக வகுத்தனர். இவ்வழியில் வளர்ந்த 'கற்றல் விளைவு' முறையை நம் பல்கலைக்கழக மானியக் குழுவும் 2010களின் இறுதியில் பாடத்திட்டங்களுக்குப் பரிந்துரைத்தது.

இதன் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். 'கடிதம் எழுதுதல்' என்பது வெறுந்தலைப்பு. 'கல்வி உதவித்தொகை தாமதமானது குறித்து, உரிய அலுவலர்க்குப் பிறர் துணையின்றி ஆங்கிலத்தில் மனு எழுதுவார்' என்பது விளைவு. அவ்வாறு எழுதிவிட்டால், வகுப்பில் மாணவர் பலமுறை எழுதியாகவேண்டும், ஆசிரியர் திருத்தியாகவேண்டும், தேர்வும் முன்பின் காணாத சூழலொன்றைத் தந்து எழுதச் சொல்லவேண்டும். வினாத்தாள் பழையபடி மனப்பாடத்தையே கேட்குமாயின், விளைவு என்பது ஏட்டுச் சுரைக்காயே.

1930ஆம் ஆண்டு இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனாரும் நம் உரிமைக்காக வாதிட்டனர். அத்தகைய அவைகளில் ஆங்கிலம் நமக்கு அணிகலனன்று, வழக்குரைக்கும் கருவி. பாடத்திட்டத்தில் எழுதப்பெற்ற ஒவ்வொரு விளைவும் பல்கலைக்கழகம் மாணவர்க்கு அளித்த வாக்குறுதியாகும். பருவந்தோறும் அதனைக் கையிலேந்தி, "இதனைச் செய்ய எமக்குக் கற்பித்தீர்களா?" எனக் கேட்கும் துணிவை நம் பிள்ளைகளுக்கு ஊட்டுவோம். வெள்ளிவிழாக் காணும் நம் சங்கத்தின் அடுத்த பணி அதுவேயாகும்.