எழுத்தும் ஏற்றிய பொருளும்

நூலொன்றன் பொருளை அறிதற்கு வழி இரண்டு. அந்நூல் எம்மொழியிற் பிறந்ததோ அம்மொழியின் இலக்கணத்தையும், எம்மரபினர் அதனை ஓதி வந்தனரோ அம்மரபினரது உரையையும் துணைக்கொண்டு பொருள் காண்டல் ஒன்று. தாம் முன்னரே துணிந்ததொரு கருத்தை உள்ளத்திற் கொண்டு, அதற்கேற்ப நூலின் சொல்லையும் எழுத்தையும் வளைத்துக் கோடல் மற்றொன்று. முன்னையது பொருள் காண்டல். பின்னையது பொருள் ஏற்றல். இவ்விரண்டன் வேறுபாட்டைத் தெளிதற்கு, யூதரது எபிரேய மறையின்கண் கிறிஸ்து சமயத்தார் மறைபொருள் தேடிய வரலாறு பெரிதும் துணை செய்வதாகும். அம்முறை பின்னர்த் தமிழ் நூல்கள்மேலும் செலுத்தப்பட்டதாகலின், அவ்வரலாறு சைவ நன்மக்களுக்கு அயலதன்று.

எபிரேய மொழிக்கு எழுத்து 22. அவை வலமிருந்து இடமாக எழுதப்படுவன; யாவும் மெய்யெழுத்துக்கள். உயிரொலியைக் காட்டும் புள்ளிகளும் கோடுகளும் கி.பி. 7-ஆம் நூற்றாண்டு முதல் 10-ஆம் நூற்றாண்டு வரையில் மசோரேத்தர் என்னும் யூதப் புலவரால் அமைக்கப்பட்டன. அதற்கு முன்னர் ஏட்டிலுள்ள சொல்லை ஒலிக்கும் முறை ஆசிரியன்பாற் கேட்டே அறியப்பட்டது. தமிழிற் ககரம் ஒன்றையும் உகரம் இரண்டையும் குறித்தல்போல, எபிரேய எழுத்துக்கள் எண்களாகவும் வழங்கின. ஆகலின், ஒரு சொல்லின் எழுத்துக்களை எண்ணாக்கிக் கூட்டுதலும், அத்தொகைக்கு ஒத்த வேறொரு சொல்லைக் காண்டலும் யூத ஆசிரியர்க்குப் பழக்கமாயின. செபர் யெத்சீரா என்னும் பழைய நூல், 22 எழுத்தும் 10 எண்ணும் ஆகிய 32 வழிகளால் இறைவன் உலகினை அமைத்தான் என்று கூறும். இவ்வெழுத்தாராய்ச்சி பிற்காலத்தே கப்பாலா எனப் பெயர்பெற்ற மறைஞான மரபிற் கலந்து, ஆசிரியர் மாணாக்கர் வழியில் வளர்ந்தது.

கிறிஸ்து சமயம் யூத சமயத்தினின்றும் கிளைத்தது. அதன் முதலாசிரியர் யூதரது மறையையே தமக்கும் மறையாகக் கொண்டனர். அங்ஙனம் கொண்டமையின், அம்மறை தம் ஆண்டவனையே முன்னறிவித்தது என்று காட்டும் கடமை அவர்க்கு உண்டாயிற்று. அவருள்ளும் பெரும்பாலார் எபிரேயம் அறியாதவர். கிரேக்க மொழிபெயர்ப்பையே ஓதினர். இதனால் விளைந்ததற்கு ஓர் எடுத்துக்காட்டு வருமாறு.

ஆபிரகாம் என்பார் தம் வீட்டிற் பிறந்த 318 ஏவலரோடு போர்க்குச் சென்றார் என்று ஆதியாகமம் கூறும். பர்னபாவின் நிருபம் எனப் பெயரிய பழைய கிறிஸ்தவ நூல் இவ்வெண்ணுக்கு மறைபொருள் கூறுகின்றது. கிரேக்க எண் முறையிற் பதினெட்டைக் குறிப்பன இயேசு என்னும் பெயரின் முதலிரண்டு எழுத்துக்கள். முந்நூற்றைக் குறிப்பது சிலுவை வடிவினதாகிய 'தௌ' என்னும் எழுத்து. ஆகவே ஆபிரகாம் இயேசுவையும் சிலுவையையும் அன்றே கண்டார் என்பது அதன் உரை. மூலநூலோ எபிரேயம், உரைக்கு ஆதாரமாகிய எழுத்தோ கிரேக்கம். ஆபிரகாமின் கதை எம்மொழியில் எழுதப்பட்டதோ அம்மொழியில் இம்மறைபொருளுக்கு இடமே இல்லை.

அதே 318 என்னும் எண்ணுக்கு யூத ஆசிரியரும் பொருள் கூறினர். ஆபிரகாமின் ஏவலனாகிய எலியேசர் என்பவனது பெயரை எபிரேய எழுத்தில் எழுதி எண்ணினால் 318 வரும். ஆகலின், உடன் சென்றவன் அவ்வொருவனே என்பது அவருள் ஒரு சாரார் உரை. ஓரெண் இருவர்க்கு இருவேறு பொருள் தந்தமை நோக்குக. எண் யாதொன்றையும் மறுக்க வல்லதன்று. தேடுவோன் எதனைக் கொண்டு வந்தானோ அதனையே அவன் கையில் மீளத் தரும்.

எழுத்தினின்றும் சொல்லுக்கு வருங்கால் வழக்கு இன்னும் கூர்மையாயிற்று. ஏசாயா நூலில் 'அல்மா' என நின்ற சொல்லுக்கு இளமகள் என்பது பொருள். கிரேக்க மொழிபெயர்ப்பு அதனைக் கன்னி என்று பெயர்த்தது. இரண்டாம் நூற்றாண்டினராகிய யுஸ்தீன் எழுதிய உரையாடல் நூலில் இச்சொல் பற்றிய வாதம் விரிவாக உள்ளது. அது கிறிஸ்துவின் பிறப்பை அறிவித்தது என்பது யுஸ்தீன் கட்சி. எசேக்கியா அரசனைக் குறித்தது என்பது திரிபோ என்னும் யூதர் கட்சி.

இவ்வழக்கு அரசவைக்கும் சென்றது. 1263-ஆம் ஆண்டு, ஸ்பெயின் தேசத்துப் பார்சிலோனா நகரில், அரகோன் நாட்டரசன் முதலாம் யாக்கோபின் முன்னிலையில் ஒரு பெருவாதம் நிகழ்ந்தது. யூத சமயத்தினின்று கிறிஸ்து சமயம் புகுந்த பாப்லோ கிறிஸ்தியானி என்பார், யூதரது தல்மூது நூலைக்கொண்டே, மேசியா முன்னரே வந்துவிட்டார் என்று நாட்ட முயன்றார். நக்மானிதேஸ் என்னும் யூதப் பேராசிரியர் அவர்க்கு விடை கூறினார். அவர் விடையின் சாரம் இது: அத்தல்மூதை இயற்றிய ஆசிரியர் இயேசுவின் காலத்திற்குப் பின்னரும் இருந்தவர், அவர் அங்ஙனம் நம்பியிருப்பின் தாமே கிறிஸ்து சமயம் புகுந்திருப்பர், புகாது யூதராகவே வாழ்ந்து மடிந்தனராகலின், அவர் வாக்குக்கு அப்பொருள் அன்று. நூலாசிரியரது ஒழுக்கமே நூலுக்கு உரையாகும் என்னும் இந்நியாயம் எண்ணுந்தோறும் சுவை தருவது. அரசன் அவர்க்கு 300 பொற்காசு அளித்தான் என்று அவரே எழுதியுள்ளார். ஆயினும் பின்னர் அவர் அந்நாட்டை விட்டுச் செல்ல நேர்ந்தது. 1267-இல் எருசலேம் சேர்ந்தார்.

15-ஆம் நூற்றாண்டில் இம்முயற்சி புதியதோர் உருக்கொண்டது. இத்தாலிய அறிஞராகிய பிக்கோ தெல்லா மிராந்தோலா 1486-இல் 900 கொள்கைகளை வெளியிட்டு, அவற்றுட் பல கப்பாலாவினின்று எடுத்தன என்றும், கிறிஸ்துவின் தெய்வத்தன்மையை அக்கப்பாலாவே நாட்டும் என்றும் உரைத்தார். 1489-இல் வெளிவந்த நூலில், எபிரேய மறையின் முதற்சொல்லாகிய 'பெரேஷீத்' என்பதன் ஆறு எழுத்துக்களைப் பலவாறு கூட்டியும் மாற்றியும், பிதா, குமாரன் முதலிய சொற்களை அதனின்று வருவித்தார். ஒரு சொல்லின் எழுத்தைக் கலைத்து வேண்டியவாறு அடுக்கும் உரிமை ஒருவர்க்கு உளதேல், அவ்வுரிமை எல்லார்க்கும் உளதாம். எச்சமயத்தவரும் எந்நூலிலும் தம் பொருளைக் காண்பர்.

அவரைப் பின்பற்றியவர் ஜெர்மனி தேசத்துப் புலவராகிய யோவான் ரொய்க்லின். எபிரேயத்தில் இறைவன் திருநாமம் யோத், ஹே, வாவ், ஹே என்னும் நான்கெழுத்தால் ஆயது. யூதர் அதனை வாய்விட்டு ஒலிப்பதில்லை. 1494-இல் எழுதிய நூலில் ரொய்க்லின், அந்நான்கெழுத்தின் நடுவே 'ஷீன்' என்னும் எழுத்தை வைப்பின் அஃது இயேசுவின் பெயராகும் என்றும், ஒலிக்கலாகாத நாமம் அங்ஙனம் ஒலிக்கலாவதாயிற்று என்றும் கூறினார். கேட்போர்க்கு இஃது இனிது. ஆயினும், எஸ்றா, நெகேமியா முதலிய எபிரேய நூல்களில் அப்பெயர் யோத், ஷீன், வாவ், அயின் என்றே எழுதப்பட்டுள்ளது; இறைவன் நாமத்துள் வரும் ஹே என்னும் எழுத்து அதன்கண் இல்லை. எழுத்தின்பாற் பொருள் தேடியவர் எழுத்தையே பிழைக்க எழுத வேண்டியதாயிற்று.

எனினும் ரொய்க்லினைக் குறைகூறி ஒழிதல் அறமன்று. அவர் எபிரேயத்தை யூத ஆசிரியரிடமே கற்றவர். 1506-இல் எபிரேய இலக்கண நூல் வெளியிட்டவர். யூதரது நூல்களைப் பறித்து அழித்தல் வேண்டும் என்று பெப்பெர்க்கோர்ன் என்பார் முயன்றபோது, அந்நூல்கள் காக்கப்படல் வேண்டும் என்று 1510-இல் அரசனுக்கு எழுதியவரும் அவரே. அதன்பொருட்டுப் பல்லாண்டு வழக்காடித் துன்புற்று, 1520-இல் உரோமையின் தீர்ப்பால் தோல்வியும் எய்தினார். பிறர் நூலைத் தம் பொருட்டுக் கற்கப் புகுந்தவர் அந்நூலின் பொருட்டே துன்புற்றனர். கல்வியின் பயன் இது.

இனித் தமிழ்நாட்டிற்கு வருவோம். எபிரேய மறைக்கு நேர்ந்தது இந்நாட்டு நூல்களுக்கும் நேர்ந்தது. எசூர்வேதம் என்னும் பெயரால் ஒரு பிரெஞ்சு நூல், பழைய வேதத்தின் மொழிபெயர்ப்பு என 1760-இல் வால்தேர் என்பார் கைக்குச் சென்று, 1778-இல் அச்சாயிற்று. வேத நெறியைத் தானே மறுப்பதுபோல அமைந்த அந்நூல் ஒரு பாதிரியாரால் எழுதப்பட்டது என்று 1782-இல் சொன்னெரா என்னும் பிரெஞ்சுக்காரரே வெளிப்படுத்தினார். அதன் ஏடுகளைப் புதுச்சேரியில் ஆராய்ந்த எல்லிஸ் துரையின் கட்டுரை 1822-இல் வெளிவந்தது. திருக்குறளை 1886-இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த போப்பையர், வள்ளுவர் மயிலாப்பூரிற் கிறிஸ்து சமயத்தாரொடு அளவளாவியிருத்தல் கூடும் என்று கருதினார். இதற்கு அந்நூலிலேனும் புறத்தேனும் சான்று இல்லை. எனினும் அப்போப்பையரே 1900-இல் திருவாசகம் முழுவதையும் ஆங்கிலமாக்கி மேனாட்டார்க்கு அளித்தவர் என்பதும் மறக்கற்பாலதன்று.

ஈண்டுக் காலவாராய்ச்சியின் இன்றியமையாமை விளங்கும். நூலின் காலம் பின்னே தள்ளப்படின், அதன் கருத்துப் பிறநாட்டினின்று வந்தது என்றற்கு இடம் எளிதாம். கால்டுவெல் ஐயர், திருஞானசம்பந்தர் காலத்துப் பாண்டியனை மார்க்கோ போலோ குறித்த சுந்தர பாண்டியனாகக் கொண்டு, பிள்ளையாரைப் 13-ஆம் நூற்றாண்டினர் என்றார். இதனை மறுத்தவர் மனோன்மணீய ஆசிரியர் சுந்தரம் பிள்ளை. அவர்தம் ஞானாசிரியர் கோடகநல்லூர்ச் சுந்தர சுவாமிகள். புதுக்கோட்டை மாவட்டத்து அரிமளத்தில் 1878-இல் சமாதி அடைந்து, ஆண்டே திருக்கோயில் கொண்டிருப்பவர். அம்மகான்பாற் கொண்ட பத்தியால் 1891-இல் வெளிவந்த தம் நாடகத்துட் சுந்தர முனிவர் என்னும் பாத்திரத்தை அமைத்த மாணாக்கர், ஆராய்ச்சியின்கண் பத்தியைச் சான்றாக வைத்தாரல்லர். பின்வந்த ஆசிரியர் நூல்களையும் கல்வெட்டுக்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, சம்பந்தர் 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குப் பிற்பட்டவரல்லர் என்று நாட்டினார். எழுத்து விளையாட்டுக்கு மறு விளையாட்டு விடையாகாது. வரலாறே விடை என்பது அரிமளத்து ஆசிரியரின் மாணாக்கர் காட்டிய நெறி.

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் காட்டியதும் அத்தகையதே. பேர்சிவல் பாதிரியார்க்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்று அந்நூலை நன்கு கற்ற நாவலர், 1854-இல் சைவதூஷண பரிகாரம் இயற்றினார். அதன்கண் எபிரேய எழுத்தைக் கலைத்துச் சிவநாமம் தேடினாரல்லர். யூதர் ஆலயத்து விளக்கு, தூபம், பலி, தூய்மை விதி முதலியவற்றை அம்மறை வெளிப்படக் கூறியவாறே எடுத்துக் காட்டி, இவை கடவுளுக்கு உவப்பாயின் சைவக் கிரியைகளைப் பழித்தல் யாங்ஙனம் என்று வினவினார். வெளிப்படைப் பொருளே அவர்க்குப் போதியதாயிற்று.

அற்றேல், சைவருள்ளும் பிறர் மறைக்குத் தம் பொருள் கூறினார் இலரோ எனின், உளர். பொன்னம்பலம் இராமநாதர் மத்தேயு சுவிசேஷத்திற்கு 1898-இலும் யோவான் சுவிசேஷத்திற்கு 1902-இலும் உரை வெளியிட்டு, கிறிஸ்துவின் மொழிகளில் கீழ்நாட்டு ஞானநெறியைக் கண்டார். ஆயினும் யோவான் உரைக்குக் கீழ்நாட்டார் விளக்கம் என்றே பெயர் தந்தமையின், அஃது யார் கண்ட பொருள் என்பது மறைக்கப்படவில்லை. அந்நேர்மை இல்வழி, எசூர்வேதத்தைப் பழிப்பார்க்கு அதனையே தாம் செய்தல் தகுமோ என்னும் வினா எழும்.

மற்று, திருவைந்தெழுத்திற்குச் சைவர் கூறும் பொருளும் இத்தகைய ஏற்றுரையே எனின், அற்றன்று. நகரம் திரோதம், மகரம் மலம், சிகரம் சிவம், வகரம் அருள், யகரம் உயிர் என்பது உண்மை விளக்கத்திலும் திருவருட்பயனிலும் சைவாசிரியரே சைவ மந்திரத்திற்குச் சைவ மாணாக்கர்பொருட்டு உபதேசித்தது. அயலார் நூலினின்று கவர்ந்ததன்று. அயலாரைத் தோற்பிக்க வகுத்ததுமன்று. யூதர் தம் எழுத்துக்குத் தம் மரபிற் கூறும் பொருளும் அவர்க்கு அவ்வாறே உரியதாம்.

பிறர் கொள்கையை ஆராயும் முறையை அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியார் பரபக்கத்திற் காட்டியருளினார். 14 மதங்களையும் ஆண்டு எடுத்துக்கொண்டவர், ஒவ்வொன்றையும் அம்மதத்தார் கூறுமாறே முதலில் நிறுத்திப் பின்னரே மறுத்தார். பிறர் வாயிற் சொல்லைப் பறித்து வேறு சொல் புகுத்தினாரல்லர். தம் நூலை அயலார் எவ்வாறு ஓதுதல் வேண்டும் என்று சைவர் விழைகின்றனரோ, அவ்வாறே அயலார் நூலைத் தாமும் ஓதுதல் கடன். மெய்ப்பொருள் எழுத்தைத் திருத்தி எழுதும்படி எவரையும் வேண்டுவதில்லை.

திருச்சிற்றம்பலம்.