பெர்டன் குறிசுடும் படையும் அதன் வீரர்கள் எழுதிவைத்த நினைவுகளும்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–1865) வடக்குத் தரப்புக்காக, குறி தவறாமல் சுடத் தெரிந்தவர்களை மட்டும் பொறுக்கியெடுத்துத் திரட்டிய இரண்டு ரெஜிமென்ட்டுகளுக்குப் பெர்டன் குறிசுடும் படை என்று பெயர். அரசு ஆவணங்கள் இவற்றை முதலாம், இரண்டாம் அமெரிக்கக் குறிசுடுநர் ரெஜிமென்ட் என்கின்றன. இந்தப் படையைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பங்கு, அதில் இருந்தவர்களே பின்னாளில் எழுதியது. ஆகவே எது நடந்தது என்பதோடு, அதை யார் எந்த வயதில் எழுதினார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

இவர்கள் கையிலிருந்த ஷார்ப்ஸ் துப்பாக்கியிலிருந்துதான் 'ஷார்ப்ஷூட்டர்' என்ற சொல் வந்தது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. கிறிஸ்டியன் ஷார்ப்ஸ் தன் துப்பாக்கிக்கு 1848இல் காப்புரிமை வாங்குவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அந்தச் சொல் ஆங்கிலத்தில் புழங்கியது.

ஆள்சேர்ப்பும் ஆயுதமும்

நியூயார்க்கைச் சேர்ந்த ஹிராம் பெர்டன் (1824–1893) இயந்திரப் பொறியாளர், கண்டுபிடிப்பாளர், துப்பாக்கிப் போட்டிகளில் பெயர் வாங்கியவர். போர் தொடங்கிய 1861ஆம் ஆண்டிலேயே இப்படி ஒரு படை வேண்டும் என்று அரசிடம் வாதாடி அனுமதி பெற்றார். சேர வருபவர் பத்துத் தோட்டாக்கள் சுட வேண்டும். தாங்கு வைத்துச் சுட்டால் 200 கெஜம், நின்றபடி கையால் சுட்டால் 100 கெஜம். பத்துத் துளைகளும் மையத்திலிருந்து விலகியிருக்கும் தூரத்தைக் கூட்டினால் 50 அங்குலத்துக்குள் அடங்க வேண்டும். நியூயார்க், மிச்சிகன், வெர்மாண்ட், நியூ ஹாம்ப்ஷயர், விஸ்கான்சின், மின்னசோட்டா, மெய்ன், பென்சில்வேனியா ஆகிய மாநிலங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். முதல் ரெஜிமென்ட்டில் பத்துக் கம்பெனிகள், இரண்டாவதில் எட்டு. முதல் ரெஜிமென்ட்டின் ஏ கம்பெனியில் நியூயார்க்கில் குடியேறியிருந்த சுவிட்சர்லாந்துக்காரர்களும் ஜெர்மானியர்களும் நிறைந்திருந்தனர்.

மற்ற வடக்கு வீரர்கள் நீலம் உடுத்தியபோது இவர்களுக்குக் கரும்பச்சைச் சீருடை. வெயிலில் மின்னிக் காட்டிக்கொடுக்கும் பித்தளைப் பொத்தானுக்குப் பதிலாகக் கெட்டி ரப்பர் பொத்தான். காட்டில் மறைந்து நிற்பதற்கென்று தைத்த உடை அது. இலையுதிர்ந்த காலத்தில் அதே பச்சை ஆளை அடையாளம் காட்டிவிடும் என்பது அவர்களுக்குப் போகப் போகத்தான் தெரிந்தது.

ஆயுதப் பிரச்சினை இதைவிடப் பெரிது. சிலர் வீட்டிலிருந்தே போட்டித் துப்பாக்கியைக் கொண்டுவந்திருந்தனர். கனத்த குழல், சிலவற்றில் தொலைநோக்கி. உட்கார்ந்த இடத்திலிருந்து சுடுவதற்குச் சரி, தோளில் சுமந்து நடக்க ஆகாது. பின்புறம் தோட்டா போடும் ஷார்ப்ஸ் தருவதாகச் சொல்லித்தான் ஆள் சேர்த்தார்கள். படைக்கலத் துறைத் தலைவர் ஜெனரல் ஜேம்ஸ் ரிப்ளி அதற்கு உடன்படவில்லை. கடைசியில் சுழல் உருளை பொருத்திய கோல்ட் துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன. ஓர் அறை வெடித்தால் பக்கத்து அறையும் சேர்ந்து வெடித்துவிடலாம் என்ற பயம் அந்தத் துப்பாக்கியை விட்டு நீங்கவே இல்லை. வீரர்கள் வாங்க மறுத்து முரண்டு பிடித்தார்கள். ஷார்ப்ஸ் வந்தது 1862 மே, ஜூன் மாதங்களில். குழல் வாயில் மருந்து கெட்டித்துச் சுடுகிறவன் நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை சுட்டால் பெரிது. ஷார்ப்ஸ்காரன் எட்டு, பத்து முறை சுடுவான். அதோடு, எழுந்து நிற்காமல் படுத்தபடியே தோட்டா மாற்றலாம். மரத்தின் பின்னால் ஒளிந்திருப்பவனுக்கு வேகத்தைவிட இதுதான் உயிரைக் காத்தது.

களங்கள்

1862 ஏப்ரலில் யார்க்டவுன் முற்றுகையில் இப்படை முதன்முதலாகப் பெயர் எடுத்தது. தெற்குத் தரப்பின் பீரங்கிக்காரர்கள் தலை தூக்கினால் சுட்டு, பல பீரங்கிகளை இவர்கள் வாயடைத்தனர். அங்கே நாளேடுகளுக்குக் கிடைத்த நாயகன் ட்ரூமன் ஹெட். 'கலிபோர்னியா ஜோ' என்றால்தான் தெரியும். ஐம்பது வயதைத் தாண்டியவர், ஷார்ப்ஸைச் சொந்தக் காசில் வாங்கி வந்தவர். கண்பார்வை மங்கியதால் அதே ஆண்டு இறுதியில் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பிறகு மால்வெர்ன் ஹில், ஆன்டீட்டம் என்று போர்கள் தொடர்ந்தன. 1863 மே மாதம் சான்சலர்ஸ்வில்லில், தெற்குத் தளபதி ஸ்டோன்வால் ஜாக்சனின் பின்காவலாக நின்ற 23ஆவது ஜார்ஜியா ரெஜிமென்ட்டின் பெரும்பகுதியைச் சிறைபிடித்ததில் இவர்களுக்கு முக்கியப் பங்கு உண்டு. படையின் பெயரை இன்றுவரை விவாதத்தில் வைத்திருப்பது அதற்கு இரண்டு மாதம் கழித்து கெட்டிஸ்பர்க்கில் நடந்த சிறு மோதல். ஜூலை 2 நண்பகலில் ஏறக்குறைய நூறு குறிசுடுநர்களும் மூன்றாவது மெய்ன் ரெஜிமென்ட்டும் பிட்சர் காட்டுக்குள் உளவு பார்க்கப் போய், தெற்குத் தரப்பின் வில்காக்ஸ் தலைமையிலான அலபாமா படையோடு மோதிப் பின்வாங்கினர். நடந்தது அவ்வளவே. 1888இல், போரின் இருபத்தைந்தாம் ஆண்டுக் கூடலில் பேசிய பெர்டன், அந்த மோதல்தான் தெற்குத் தளபதி லாங்ஸ்ட்ரீட்டின் தாக்குதலைத் தாமதப்படுத்தி வடக்கைக் காப்பாற்றியது என்றார். அந்த நேரத்தில் லாங்ஸ்ட்ரீட்டின் படை அங்கே வந்து சேரவே இல்லை. வில்காக்ஸ் இருந்தது மற்றொரு தளபதியான ஏ. பி. ஹில்லின் கீழ். ஆனாலும் பழைய வீரர்களில் பலர் தங்கள் கர்னல் பெர்டன் சொன்னதையே வழிமொழிந்தார்கள். கால் நூற்றாண்டு கழித்து, தாங்கள் ரத்தம் சிந்திய இடத்துக்கு ஒரு பெரிய அர்த்தத்தை யாராவது கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

போர் நடந்தபோது அதே கர்னல் மீது படைக்குள் அவ்வளவு மதிப்பு இருந்ததில்லை. சண்டை மூளும் நேரத்தில் ஆளைக் காணோம் என்பது அவர் மேல் இருந்த குறை. அவருக்கு அடுத்த நிலையில் இருந்த காஸ்பர் ட்ரெப் சுவிஸ் நாட்டவர், தேர்ந்த ராணுவ அதிகாரி. இருவருக்கும் வெளிப்படையான பகை. பெர்டன் 1863 கோடையில் களத்தை விட்டுப் போய், 1864 ஜனவரியில் பதவி விலகினார். ட்ரெப் 1863 நவம்பர் 30 அன்று மைன் ரன்னில் தலையில் குண்டு பாய்ந்து இறந்தார். படையும் அதிக நாள் நிலைக்கவில்லை. 1864இல் பலரது சேவைக்காலம் முடிந்தது; எஞ்சியவர்கள் 1865 பிப்ரவரியில் தத்தம் மாநில ரெஜிமென்ட்டுகளுக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். பெர்டன் துப்பாக்கி வடிவமைப்புக்குத் திரும்பினார். ரஷ்யப் படை பல ஆண்டுகள் சுமந்த துப்பாக்கிக்கு 'பெர்டன்கா' என்று அவர் பெயரே நிலைத்தது.

எழுதியவர்கள்

முதலில் எழுதியவர் ஏ கம்பெனியின் ருடால்ஃப் ஆஷ்மன். 1864 ஆகஸ்ட்டில் ஒரு காலை இழந்து சுவிட்சர்லாந்து திரும்பி, மறு ஆண்டே தன் மூன்றாண்டு அனுபவத்தை ஜெர்மன் மொழியில் நூலாக்கினார். காயம் ஆறுவதற்குள் எழுதியது. பெருமையடிக்க வேண்டிய கூடல்களோ சிலைகளோ அப்போது எதுவும் இல்லை. அமெரிக்கர்களுக்கு அது ஆங்கிலத்தில் கிடைக்க 1972 வரை ஆயிற்று. மால்வெர்ன் ஹில்லில் காயம்பட்ட லெப்டினன்ட் கர்னல் வில்லியம் ரிப்ளி, வெர்மாண்ட்டின் எஃப் கம்பெனி வரலாற்றை 1883இல் வெளியிட்டார். எல்லாவற்றிலும் பெரியது கேப்டன் சி. ஏ. ஸ்டீவன்ஸ் 1892இல் கொண்டுவந்த ஐந்நூறு பக்கத்துக்கு மேற்பட்ட நூல். படையின் கதையைச் சொல்கிற எவரும் அதைத் தாண்டிப் போக முடியாது. அதை அப்படியே நம்பியும் போக முடியாது. வடக்கில் வேறெந்த ரெஜிமென்ட்டும் இவ்வளவு எதிரிகளைக் கொன்றதில்லை என்ற பேச்சும் அந்தக் காலத்தில் அச்சேறியதுதான். அதை எண்ணிப் பார்த்தவர் எவரும் இல்லை.

தெற்கிலும் இதே தொழில் இருந்தது. ஜெனரல் ரோட்ஸின் படைப்பிரிவில் மேஜர் யூஜின் பிளாக்ஃபோர்ட் தொடங்கிவைத்த குறிசுடும் பிரிவு முறை, 1864 வசந்தத்தில் தெற்குத் தளபதி லீயின் சேனை முழுவதும் பரவியது. வெறும் கண்ணால் தூரத்தைக் கணிப்பதுதான் அங்கே முதல் பாடம். சிலருக்கு இங்கிலாந்தில் செய்த விட்வொர்த் துப்பாக்கி கிடைத்தது. 1864 மே 9 அன்று ஸ்பாட்சில்வேனியாவில், இவ்வளவு தூரத்திலிருந்து யானையைக்கூடச் சுட முடியாது என்று தன் வீரர்களைக் கேலி செய்த வடக்கு ஜெனரல் ஜான் செட்விக்கை வீழ்த்தியது அப்படி ஒரு குறிசுடுநரின் தோட்டா. சுட்டது இன்னார் என்று பின்னாளில் பல பெயர்கள் அடிபட்டன. இறந்தவர் ஒருவர்தான்.

பெர்டன் படையினர் எழுதிய நூல்களில் துப்பாக்கியின் எடை, தூரம், நடை, பட்டினி எல்லாம் விரிவாக வரும். குறிக்குள் தெரிந்த மனிதனைப் பற்றி எழுதியது குறைவு. அதைச் சொன்னவர் படையில் சேராத ஓவியர் வின்ஸ்லோ ஹோமர். மரக்கிளையில் அமர்ந்து குறிபார்க்கும் வீரனை அவர் 1862 நவம்பரில் ஹார்ப்பர்ஸ் வீக்லி இதழுக்கு வரைந்தார். அந்தப் படம்தான் இந்தப் படையின் முகமாக ஆனது. ஒருமுறை குறிசுடுநர் ஒருவரின் தொலைநோக்கி வழியே பார்த்தபோது, இதைக் கொலையிலிருந்து பிரித்துப் பார்க்கத் தன்னால் இயலவில்லை என்று முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 1896இல், ஒரு நண்பருக்கு எழுதினார்.

தெற்குத் தரப்பு நினைவுகளில் தனித்து நிற்பது தென் கரோலினாவின் பெரி பென்சனுடையது. ஜெனரல் மெகோவனின் படைப்பிரிவில் குறிசுடுநராகவும் ஒற்றராகவும் இருந்தவர். வடக்கின் எல்மைரா சிறையிலிருந்து 1864 அக்டோபரில் சுரங்கம் தோண்டித் தப்பி, தன் படைக்குத் திரும்பினார். 1865 ஏப்ரலில் லீ சரணடைந்தபோது, துப்பாக்கியை ஒப்படைக்காமல் தம்பியோடு நழுவிவிட்டார். ஜார்ஜியாவின் அகஸ்டா நகரில் 1878இல் எழுப்பிய நினைவுத் தூணின் உச்சியில் நிற்கும் சாதாரண வீரனுக்கு மாதிரியாக நின்றவர் அவரே; ஜெனரல்களின் சிலைகள் அடியில் இருக்கின்றன. தன் நினைவுகளை அவர் குடும்பத்துக்காக எழுதினார். 1923இல் அவர் இறந்தபோதும் அது கையெழுத்துப் பிரதியாகவே இருந்தது. மருமகளின் முயற்சியால் 1962இல் அச்சானது.