பூணூலும் தாலியும் பறையர் வீட்டு வாசலும்

1606-இன் இறுதியில் மதுரைக்கு வந்த இத்தாலிய சேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி, தமக்குப் பத்தாண்டுகள் முன்பே அங்குப் பணியைத் தொடங்கியிருந்த கொன்சாலோ பெர்னாண்டஸால் மேல்சாதியாரில் எவரையும் மனம் திருப்ப முடியாமற் போனதற்குக் கிறித்தவப் போதனை காரணமன்று என்று கண்டார். போர்த்துக்கீசியரைக் குறித்த ‘பரங்கி’ என்னும் பெயரோடு மாட்டிறைச்சி, மது, தீட்டு ஆகியவற்றின் இழிவும் ஒட்டியிருந்ததே அவர் கண்ட காரணம். ஆகவே அவர் காவி உடுத்தி, புலால் நீக்கி, பிராமணச் சமையற்காரரை வைத்துக்கொண்டு, பெர்னாண்டஸின் இல்லத்திலிருந்து விலகித் தனித்து வாழத் தொடங்கினார். தம்மிடம் ஞானஸ்நானம் பெற்றவர்கள் பூணூல், குடுமி, சந்தனப் பொட்டு, நீராடல் முதலியவற்றைக் கைவிட வேண்டியதில்லை என்றும், அவை குலத்தின் அடையாளங்களேயன்றிப் பிற தெய்வ வழிபாட்டின் கூறுகள் அல்ல என்றும் வாதிட்டார்.

பெர்னாண்டஸே இதற்கு எதிராகப் புகார் எழுதினார். கோவாவில் நடந்த விசாரணைகளுக்குப் பின் வழக்கு உரோமைக்குச் சென்று, 1623 ஜனவரி 31-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியின் ஆணையால் நொபிலிக்குச் சாதகமாக முடிந்தது. உயர்குலத்தார் எளியோரை, குறிப்பாக ஆலயத்தில், இகழலாகாது என்ற வேண்டுகோளும் அவ்வாணையில் இருந்தது. ஆனால் அது வேண்டுகோளாகவே நின்றது. ஒரு வழக்கம் சிலைவழிபாடா, சமூக மரபா என்பதே அங்கு எடைபோடப்பட்டது என்பதால், சமூக மரபு என்று தீர்ப்பானதெல்லாம் குற்றமற்றதாயிற்று. அந்த வாசல் வழியே பூணூலோடு சாதியும் உள்ளே வந்தது.

அதன் விளைவு குருக்களின் வாழ்க்கையிலேயே தெரிந்தது. பிராமணத் துறவியைப் போல வாழ்ந்தவர் தாழ்த்தப்பட்டோரை அணுகினால் மதிப்பிழப்பார் என்பதால், 1640 அளவில் ‘பண்டாரசாமி’ என்னும் மற்றொரு பிரிவு உருவாக்கப்பட்டது. சைவப் பண்டாரங்களைப் போல உடுத்திய இக்குருக்களால் பிராமணரல்லாத பல சாதியாரோடும் பழக முடிந்தது. எனினும் பறையர் வீட்டுக்குள் நுழைவதில் அவர்களுக்கும் தடை இருந்தது.

திருத்தந்தையின் தூதராகச் சீனாவுக்குப் போகும் வழியில் புதுச்சேரியில் தங்கிய ஷார்ல் தெ தூர்னோன், 1704 ஜூன் 23-இல் பதினாறு கூறுகள் கொண்ட ஆணை ஒன்றைப் பிறப்பித்தார். ஐரோப்பியர் தமிழ்நாட்டையும் மலபார் என்றே அழைத்ததால் ‘மலபார் சடங்குகள்’ என்று பெயர்பெற்ற சர்ச்சை இதனால் முற்றியது. ஞானஸ்நானத்தில் குரு உமிழ்நீர் தொட்டு வைக்கும் சடங்கைத் தமிழர் அருவருத்ததால் சேசு சபையார் அதை விட்டிருந்தனர். தூர்னோன் அதைத் திரும்பக் கொண்டுவந்தார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி, 108 இழைகள் கொண்ட மஞ்சள் கயிறு, திருமணத்தில் தேங்காய் உடைத்தல், பூப்பு விழா, கிறித்தவ இசைக்கலைஞர்கள் கோயில் விழாக்களில் வாசித்தல் ஆகியவற்றைத் தடுத்தார். இவற்றுள் பல, உள்ளூர் வாழ்வைச் சில மாதங்களே கண்ட ஒருவரின் அவசரத் தீர்ப்புகள்தாம். ஆயினும் மாதவிலக்கான பெண்களை ஆலயத்திலிருந்து விலக்கக் கூடாது என்றும், நோயுற்ற பறையரின் வீட்டுக்குள் சென்றே குருக்கள் அருட்சாதனங்களை வழங்க வேண்டும் என்றும் விதித்தவரும் அவரே. தமிழ்ப் பண்பாட்டை மதித்தவர்கள் தயங்கி நின்ற வாசலை, அதை மதிக்காதவர் கடக்கச் சொன்னார் என்பது இவ்வரலாற்றின் சங்கடமான பகுதி.

நாற்பதாண்டு முறையீடுகளுக்குப் பின் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் 1744 செப்டம்பர் 12-இல் தூர்னோனின் தடைகளைப் பெரும்பாலும் உறுதிசெய்தார். 1693-இல் ஓரியூரில் கொல்லப்பட்ட பண்டாரசாமி அருளானந்தர் இச்சடங்குகளைக் கைக்கொண்டிருந்தார் என்பது, அவரைப் புனிதராக அறிவிக்கும் முயற்சிக்குத் தடையாகாது என்று 1741-இல் தீர்ப்பளித்தவரும் இதே பெனடிக்ட்தான். பறையர் வீட்டைப் பற்றிய சிக்கலுக்குக் கிடைத்த தீர்வோ, அவர்களுக்கென்று தனிக்குருக்களை நியமிக்கலாம் என்ற சேசு சபையாரின் யோசனையை ஏற்பதாக இருந்தது. தாலியில் விட்டுக்கொடுக்காத உரோமை, சாதியில் விட்டுக்கொடுத்தது.

அடுத்த ஆண்டே, 1745 அக்டோபரில், புதுச்சேரி ஆலயத்துக்குள் பறையரைப் பிரித்து நின்ற சுவர் அவர்கள் முறையிட்டதால் அகற்றப்பட்டதையும், மேல்சாதிக் கிறித்தவர்கள் அதனால் கொதித்ததையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் பதிவுசெய்துள்ளார். மலபார் சடங்குகளை அனுமதிப்பதில்லை என்று மறைப்பணியாளர்கள் செய்துவந்த சத்தியப்பிரமாணம் 1940-இல்தான் நீக்கப்பட்டது. அதற்கு முப்பதாண்டுகள் முன்னரே, 1910-இல், வடக்கன்குளம் ஆலயத்தில் வெள்ளாளரையும் நாடாரையும் பிரித்த சுவர் இடிக்கப்பட்டிருந்தது. வெள்ளாளர் அதை எதிர்த்து நீதிமன்றம் சென்று தோற்றனர்.