கல்லூரியில் பிறந்து, அலுவலகம் போய்த் திரும்பிய கதை

கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளிடம் "பாடக் குறிப்பு எங்கே?" என்று கேட்டால், "டீம்ஸில் இருக்கிறது", "ஸ்லாக்கில் போட்டிருக்கிறார்" என்று இப்போது பதில் வருகிறது. அலுவலகத்தில் ஒரு குழுவாக வேலை செய்கிறவர்கள் தமக்குள் பேசிக்கொள்ள உண்டான செயலிகள் இவை, கொரோனா காலத்தில் கல்லூரிக்குள் நுழைந்துவிட்டன என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வரலாற்றைப் புரட்டினால் விஷயம் தலைகீழாக இருக்கிறது. இந்த உரையாடல் முறை பிறந்ததே ஒரு பல்கலைக்கழகத்தில்தான். பிறகுதான் அது அலுவலகத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனது. இப்போது பிறந்த வீட்டுக்கு வந்திருக்கிறது.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1960ஆம் ஆண்டு டொனால்ட் பிட்சர் என்ற பொறியாளர், கணினியைக் கொண்டு பாடம் நடத்தும் ஒரு முறையைத் தொடங்கினார். அதற்குப் 'பிளேட்டோ' என்று பெயர். முதலில் ஒரே ஒரு மாணவர்தான் அதில் படிக்க முடிந்தது. 1970களின் நடுவில் ஏறக்குறைய ஆயிரம் முனையங்கள் ஒரே மையக் கணினியோடு இணைந்திருந்தன. திரையில் எழுத்துகள் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். திரையை விரலால் தொட்டே விடை சொல்லலாம். ஆசிரியர்கள் தாங்களே பாடம் எழுதிச் சேர்ப்பதற்கென்று 'டியூட்டர்' என்ற நிரல்மொழியும் இருந்தது.

இத்தனை பேர் ஒரே இயந்திரத்தைப் பயன்படுத்தினால் குறை சொல்ல ஓர் இடம் வேண்டுமல்லவா? அதற்காக ஒரு பொதுக் கோப்பைத் திறந்து வைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம். சங்கடம் என்னவென்றால், ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழித்துவிடலாம். யார் எழுதியது, எப்போது எழுதியது என்பதும் தெரியாது. இதைச் சரிசெய்யும் வேலை டேவிட் வூலி என்ற 17 வயது மாணவரிடம் வந்தது. 1973 ஆகஸ்டில் அவர் உருவாக்கியதுதான் 'நோட்ஸ்'. ஒவ்வொரு குறிப்பிலும் எழுதியவர் அடையாளம், தேதி, நேரம் தானாகவே பதிவாகும். பிறர் அதை அழிக்க முடியாது. ஒரு குறிப்பின் கீழ் 63 பதில்கள் வரை வரிசையாகச் சேர்க்கலாம்.

கோப்புகளோடு காலம் கழித்த என் போன்ற குமாஸ்தாக்களுக்கு இது உடனே புரியும். அரசு அலுவலகத்தில் நோட் ஷீட் என்று ஒன்று உண்டு. கீழ்நிலை எழுத்தர் முதலில் எழுதுவார், அதன் கீழே கண்காணிப்பாளர், அதற்கும் கீழே அதிகாரி. ஒவ்வொருவரும் தேதியிட்டுச் சுருக்கொப்பம் வைப்பார்கள். பக்கத்துக்கு எண் இருக்கும், கிழிக்க முடியாது. பத்து வருடம் கழித்து வரும் புதிய எழுத்தர் அதைப் படித்தால், முடிவோடு கூட அந்த முடிவு எப்படி வந்தது என்பதும் தெரியும். அந்த ஒழுங்கைத்தான் 17 வயதுப் பையன் கணினிக்குள் கொண்டுவந்தார்.

அதே 1973இல் டக் பிரவுன் என்பவர் 'டாக்கோமேட்டிக்' என்ற உரையாடல் நிரலை எழுதினார். ஓர் அறையில் ஐந்து பேர் வரை ஒரே நேரத்தில் பேசலாம். ஒருவர் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் மற்றவர் திரையில் அப்போதே தெரியும். ஆக, நிதானமாக எழுதி வைக்கும் குறிப்பு, உடனுக்குடன் நடக்கும் பேச்சு ஆகிய இரண்டுமே ஒரே வளாகத்தில், ஒரே ஆண்டில் தோன்றிவிட்டன. இன்றைய செயலிகள் செய்வது இந்த இரண்டையும் ஒரே திரையில் கலந்து தருவதைத்தான்.

பிளேட்டோவில் பழகிய மாணவர்களில் ஒருவர் ரே ஓசி. படிப்பு முடித்து வெளியே வந்த பிறகும் நோட்ஸின் நினைவு அவரை விடவில்லை. 1984இல், அதே பிளேட்டோவில் பழகிய நண்பர்களோடு ஒரு நிறுவனம் தொடங்கினார். 1989இல் 'லோட்டஸ் நோட்ஸ்' விற்பனைக்கு வந்தது. வம்சம் பெயரிலேயே தெரிகிறது. பெரிய பெரிய அலுவலகங்கள் அதை வாங்கின. 1995இல் ஐபிஎம், லோட்டஸ் நிறுவனத்தையே வாங்கிவிட்டது.

இன்னொரு கிளையும் கல்லூரியிலிருந்தே கிளம்பியது. பின்லாந்தில் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்க்காரினென் 1988இல் 'ஐஆர்சி' என்ற அரட்டை முறையை எழுதினார். தலைப்புக்கு ஒரு சேனல், அதன் பெயருக்கு முன்னால் இரண்டு நெடுக்கும் இரண்டு குறுக்குமான அந்தச் சட்டக் குறி என்ற வழக்கம் அங்கிருந்து வந்தது. பல ஆண்டுகள் கழித்து, ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்ட் என்பவரின் சிறு நிறுவனம் 'கிளிட்ச்' என்ற இணைய விளையாட்டை உருவாக்கியபோது, வெவ்வேறு ஊர்களில் இருந்த அவருடைய ஆட்கள் பேசிக்கொண்டது ஐஆர்சியில்தான். அதில் ஒரு குறை: இணைப்பில் இல்லாத நேரத்தில் பேசப்பட்டது கைக்கு வராது. ஆகவே பேச்சைச் சேமிக்கவும் தேடவும் தாங்களே சில வசதிகளைச் செய்துகொண்டார்கள். 2012 டிசம்பரில் விளையாட்டை மூடிவிட்டார்கள். ஆனால் அந்தக் கருவி பிழைத்தது. 2014 பிப்ரவரியில் 'ஸ்லாக்' என்ற பெயரில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அந்தப் பெயரே, எல்லா உரையாடலையும் அறிவையும் தேடி எடுக்கக்கூடிய பதிவேடு என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். மைக்ரோசாஃப்ட் தன் 'டீம்ஸ்' செயலியை 2017இல் வெளியிட்டது. 2020இல் உலகெங்கும் கல்வி நிலையங்கள் மூடப்பட்டு 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் வீட்டில் அடைபட்டபோது, ஆசிரியர்களுக்குக் கைக்கு எட்டியவை இவைதான்.

இதனால் வகுப்புக்கு என்ன லாபம்? நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் வகுப்பில் 'காயே த தெக்ஸ்த்' என்று ஒரு நோட்டு இருக்கும். இன்று என்ன பாடம் நடந்தது, என்ன வேலை கொடுக்கப்பட்டது, எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்பதை ஆசிரியர் அதில் எழுதிவிடுவார். காய்ச்சலில் கிடந்து திரும்பிய பையன் யாரையும் கெஞ்ச வேண்டாம், அதைப் பார்த்துக்கொள்வான். ஆனால் அதில் எழுதும் உரிமை ஆசிரியருக்கு மட்டும்தான். மாணவனின் சந்தேகத்துக்கு அதில் இடமில்லை. செயலியின் பொதுச் சேனல் அந்த இடத்தைத் தருகிறது. நாற்பது பேருக்கு இருக்கும் ஒரே சந்தேகத்தை ஒருவர் கேட்டால் போதும், பதில் நாற்பது பேருக்கும் சேரும்.

அந்த ஒருவர் யார் என்பதுதான் கேள்வி. கான்பூர் ஐஐடியில் கணினி அறிவியல் படித்த பூஜா சங்கர், வகுப்பில் இருந்த மிகச் சில பெண்களில் ஒருவர். ஆண்கள் கூடி விவாதித்துப் பாடத்தை முடிப்பார்கள். இவரோ அவர்களிடம் போய்க் கேட்கக் கூச்சப்பட்டுத் தனியாகத் திணறினார். பிறகு ஸ்டான்ஃபோர்டில் படிக்கும்போது, 2009இல் 'பியாட்சா' என்ற கேள்வி பதில் தளத்தைத் தொடங்கினார். சக மாணவர்களுக்குப் பெயர் தெரியாமலே அதில் கேள்வி கேட்கலாம். அலுவலகச் செயலிகளை எடுத்து வகுப்புக்கு வைக்கிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. அலுவலகத்தில் பெயரோடு பேசுவது பொறுப்பு. வகுப்பில் அதுவே சில பிள்ளைகளின் வாயைக் கட்டிப்போட்டுவிடும்.

இன்னொரு கவலை, என் தொழில் புத்தியில் வருவது. வூலியின் நோட்ஸ் பிறந்ததே, எழுதியது அழியக் கூடாது என்பதற்காக. இன்று ஸ்லாக்கை இலவசமாகப் பயன்படுத்தினால் 90 நாளுக்கு முந்தைய செய்திகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. 2024 ஆகஸ்டு முதல், இலவசக் கணக்குகளில் ஓராண்டு கடந்தவற்றை அழித்தும் விடுகிறார்கள். கடை அவர்களுடையது, காசு கேட்பது அவர்கள் உரிமை. ஆனால் ஒரு செமஸ்டர் 90 நாளைத் தாண்டிவிடுகிறதே! முதல் வாரத்தில் ஆசிரியர் பொறுமையாகத் தந்த விளக்கம், தேர்வுக்குப் படிக்கும்போது கிடைக்காது. அடுத்த ஆண்டு வரும் பிள்ளைகளுக்குச் சுவடே இருக்காது.

எந்தச் செயலியாக இருந்தாலும் சரி, நல்ல கேள்விகளையும் பதில்களையும் மாதம் ஒருமுறை தனியே எடுத்துத் தொகுத்துக் கல்லூரியின் சொந்த இடத்தில் வைக்கும் பொறுப்பை யாராவது ஒருவரிடம் கொடுக்க வேண்டும். மாணவர்களே முறை வைத்துச் செய்யலாம். அரை மணி நேர வேலை. அலுவலகங்களில் பதிவறை எழுத்தரை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. பழைய கோப்பு ஒன்று அவசரமாகத் தேவைப்படும் நாளில் மட்டும் எல்லோரும் அவர் மேஜைக்கு முன்னால்தான் நிற்பார்கள்.